திரையை விலக்கிய டாக்டரம்மா

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பெண் கருவுற்றால் முதலில் என்ன செய்கிறாள்? ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பெயரைப் பதிவு செய்துகொள்கிறாள். நர்சம்மா எடை பார்க்கிறார். இரத்தம் சோதிக்கிறார். பிறகு உதவித் தொகைக்கு விவரங்களை எழுதிக்கொள்கிறார். பணமாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் தவணை தவணையாக, மொத்தம் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி அது.

அந்த உதவிக்கு ஒரு பெயர் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் என்பது அந்தப் பெயர்.

பணம் வீட்டுக்கு வருகிறது. பெயரும் கூடவே வருகிறது. ஆனால், யார் அந்த முத்துலட்சுமி? எந்த ஊர்? என்ன செய்தார்? கேட்டால் பலருக்குத் தெரியாது.

தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது. ஏனென்றால், இன்று வீட்டுக்கு வீடு நடக்கும் ஒரு வாதத்துக்கு அந்த அம்மையாரின் வாழ்க்கையில் விடை இருக்கிறது.

பெண் அதிகம் படித்தால் பெண்மை போய்விடுமா? வேலைக்குப் போனால் அடக்கம் குறைந்துவிடுமா? கணவன் குழந்தையைக் குளிப்பாட்டினால் அவன் ஆண்மைக்கு இழுக்கா? பெண்மை என்றால்தான் என்ன?

கதையை உத்திரமேரூரிலிருந்தே தொடங்குவோம்.

குடத்தில் இல்லாத பெயர்

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோவில் சுவர்களில் எங்கே பார்த்தாலும் எழுத்துகள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் உலகப் புகழ் பெற்றவை. ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த முறையை அவை சொல்லுகின்றன.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் குடத்தில் கைவிட்டு ஓர் ஓலையை எடுப்பான். அதில் யார் பெயர் இருக்கிறதோ அவரே வாரிய உறுப்பினர். ஏரியைப் பார்க்க ஒரு வாரியம், தோட்டத்தைப் பார்க்க ஒரு வாரியம் என்று பல வாரியங்கள் இருந்தன.

தகுதி என்ன? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. அவருடைய உறவினர் பெயரையும் எழுதக் கூடாது.

எவ்வளவு கண்டிப்பு! நாம் பெருமைப்படத்தான் வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? நிலம் இல்லாதவனுக்கு அந்தக் குடத்தில் இடம் இல்லை. பெண்ணின் பெயரை ஓலையில் எழுதலாம் என்றும் அந்தக் கல்வெட்டுகளில் எங்கும் இல்லை.

வைரமேகத் தடாகம் என்ற பெரிய ஏரி அந்த ஊருக்கு உண்டு. ஏரித் தண்ணீர் பாய்ந்த வயலில் குனிந்து நாற்று நட்ட கைகள் யாருடைய கைகள்? அந்தக் கைகளுக்கு உரியவளின் பெயர் ஓலை ஏறவில்லை.

பெண் என்றால் வீட்டுக்குள் இருப்பவள். ஊர்க் காரியம் ஆணுடையது. இப்படி ஒரு கோடு போடப்பட்டது. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்ற நான்கும் அந்தக் கோட்டுக்குக் காவலாக நிறுத்தப்பட்டன.

ஆயிரம் ஆண்டுகள் கழித்து அந்தக் கோட்டைத் தாண்டிச் சென்னைச் சட்டசபைக்குள் போய் உட்கார்ந்தவர்தான் முத்துலட்சுமி.

திரைக்குப் பின்னால் ஒரு மாணவி

புதுக்கோட்டை அப்போது தனி மன்னர் ஆட்சியில் இருந்த சமஸ்தானம். அங்கே 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி முத்துலட்சுமி பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியில் தலைமைப் பொறுப்பு வகித்த கல்வியாளர். தாயார் சந்திரம்மாள். கோவிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டி விடும் தேவதாசி மரபில் பிறந்தவர் அவர்.

குலம் கடந்த இந்த உறவை ஊர் லேசில் ஏற்கவில்லை. பிறந்த குழந்தை மீதும் அந்தப் பேச்சின் நிழல் விழுந்தது.

அந்தக் காலத்தில் பெண் குழந்தைக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே மாலை மாற்றிவிடுவார்கள். முத்துலட்சுமியின் தாயாருக்கும் மகளைக் காலாகாலத்தில் கட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்ற கவலை. தந்தை மட்டும் மகளின் படிப்பை நிறுத்தவில்லை. வீட்டிலேயே பாடம் நடந்தது. 1902-இல் மெட்ரிகுலேஷன் தேறினார் முத்துலட்சுமி.

அடுத்தது கல்லூரி. ஆனால் மகாராஜா கல்லூரியில் படித்தவர்கள் எல்லாம் ஆண்கள். ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பிற்று. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைப் பொருட்படுத்தவில்லை. பெண்ணைச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டார்.

மூடிய வண்டியில் கல்லூரிக்குப் போனார் முத்துலட்சுமி. வகுப்பில் அவருக்கும் மாணவர்களுக்கும் நடுவே ஒரு திரை தொங்கியது. அவர் ஆசிரியரைப் பார்க்கலாம். மற்ற மாணவர்கள் அவரைப் பார்க்க முடியாது.

எண்ணிப் பாருங்கள். தவறு செய்யக் கூடும் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் ஆண் பிள்ளைகள். திரைக்குப் பின்னால் உட்கார வைக்கப்பட்டவள் பெண் பிள்ளை!

அந்தத் திரையைக் கண்டு அவர் மனம் சோரவில்லை. பாடம் காதில் விழுந்தால் போதும் என்று படித்தார். தேறினார்.

கத்தி பிடித்த கை

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பெண்ணுக்கு இளகிய மனம். இரத்தத்தைக் கண்டால் மயக்கம் வரும். அவளால் அறுவைச் சிகிச்சை செய்ய முடியுமா என்று ஊர் கேட்ட காலம் அது. 1912-இல் டாக்டர் பட்டம் வாங்கியபோது பல பதக்கங்களோடு வெளியே வந்தார் முத்துலட்சுமி. அறுவை மருத்துவத்திலும் சிறந்த தேர்ச்சி!

எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பணி கிடைத்தது. பிரசவ வலியில் துடித்த பெண்களை அங்கே அவர் அருகில் இருந்து பார்த்தார். சிறுமியாக இருக்கும்போதே கல்யாணம். உடல் பக்குவப்படும் முன்பே பிள்ளைப்பேறு. இப்படித் தாயும் சேயும் சாவது அன்றாடக் காட்சி.

இதற்கு மருந்து மாத்திரை மட்டும் போதாது, சட்டமும் வேண்டும் என்ற எண்ணம் அந்த நாட்களில்தான் அவர் மனத்தில் விதையாக விழுந்தது.

இளகிய மனம் அவருக்கும் இருந்தது. அந்த இளகிய மனம்தான் கத்தி பிடித்த கையை நடுங்காமல் வைத்தது. நோயாளி பிழைக்க வேண்டுமே என்ற இரக்கம், பயத்தை விடப் பெரிதாக இருந்தது.

கல்யாணத்துக்கு ஒரு நிபந்தனை

டாக்டர் ஆன பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைப்பது எளிதா? முத்துலட்சுமிக்கே கல்யாணத்தில் அவ்வளவு விருப்பம் இல்லை. கல்யாணம் என்றால் கை கால் கட்டப்பட்டதுபோல் ஆகிவிடும் என்ற தயக்கம்.

டாக்டர் சுந்தர ரெட்டி அவரை மணக்க விரும்பினார். முத்துலட்சுமி ஒரு நிபந்தனை விதித்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும். தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. இதுதான் நிபந்தனை. நகை கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை.

சுந்தர ரெட்டி ஒப்புக்கொண்டார். 1914-இல் திருமணம் நடந்தது. இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன.

ஒப்புக்கொள்வது எளிது, வாழ்ந்து காட்டுவது கடினம். மனைவியின் பெயர் கணவனின் பெயரை விட உயர்ந்துகொண்டே போனால் எத்தனை ஆண்களால் தாங்க முடியும்? சுந்தர ரெட்டி தாங்கினார் என்று சொல்வதுகூடப் போதாது. அவர் துணை நின்றார்.

1925-இல் உயர் பயிற்சிக்காக முத்துலட்சுமி இங்கிலாந்து போனார். பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றி அங்கே படித்தார். 1926-இல் பாரிஸ் நகரில் நடந்த அனைத்துலகப் பெண்கள் மாநாட்டிலும் கலந்துகொண்டார். பெண்ணுக்கு வாக்குரிமை வேண்டும் என்று பல நாட்டுப் பெண்கள் அங்கே கூடியிருந்தனர்.

சட்டசபையில் ஒரே பெண்

சென்னை மாகாணத்தில் சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு 1921-லேயே வாக்குரிமை கிடைத்திருந்தது. ஆனால் சட்டசபையில் ஒரு பெண்கூட இல்லை. 1926-இல் டாக்டர் முத்துலட்சுமியை உறுப்பினராக அரசாங்கம் நியமித்தது. பிரிட்டிஷ் இந்தியாவிலேயே சட்டசபை உறுப்பினரான முதல் பெண் அவர்தான். 1927-இல் உறுப்பினர்கள் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

திரைக்குப் பின்னால் உட்கார வைக்கப்பட்ட பெண், ஆண்கள் நிறைந்த சபைக்குத் தலைமை தாங்கும் நாற்காலியில் அமர்ந்தார்.

அங்கே போய் அவர் என்ன பேசினார்? பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று பேசினார். குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்றார். பெண்ணின் திருமண வயதை உயர்த்த வேண்டும் என்றார். பெண்களை விலைபொருளாக்கும் விடுதிகளை மூட வேண்டும் என்றார்.

பார்த்தீர்களா? ஒரு தாய் தன் வீட்டில் எதைப் பற்றிக் கவலைப்படுவாளோ, அதையே அவர் நாட்டுக்காகக் கவலைப்பட்டார். வீட்டு வாசலோடு நின்ற தாய்மையைச் சட்டசபை வரைக்கும் அழைத்துக்கொண்டு போனார்.

தாயார் பிறந்த குலத்துக்காக

அவர் செய்த காரியங்களில் கடினமானது தேவதாசி முறை ஒழிப்பு.

சின்னஞ்சிறு பெண்ணைக் கோவிலுக்குப் பொட்டுக் கட்டி விடுவார்கள். அவள் ஆடுவாள், பாடுவாள். இசையும் நடனமும் இவர்களால் வாழ்ந்தது உண்மை. ஆனால் அவளுக்குக் கல்யாண வாழ்வு கிடையாது. பொருள் படைத்த ஆண்களை நம்பி வாழும் நிலைக்கு அவள் தள்ளப்பட்டாள்.

இதில் நிலமும் சிக்கியிருந்தது. தாசிக் குடும்பத்துக்குக் கோவில் மானிய நிலம் உண்டு. ஊழியத்துக்குப் பெண் போகாவிட்டால் நிலம் போய்விடும். நிலம் வேண்டுமானால் மகளைப் பொட்டுக் கட்ட வேண்டும். வயிறு ஒரு பக்கம். பெற்ற பெண் ஒரு பக்கம்.

முத்துலட்சுமி இந்த முடிச்சை அவிழ்த்தார். ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் குடும்பத்துக்கே இருக்கட்டும் என்று அறநிலையச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தார். 1929-இல் அது சட்டமாயிற்று. பொட்டுக் கட்டுவதையே தடுக்க இன்னொரு மசோதாவையும் கொண்டுவந்தார்.

எதிர்ப்பு பலமாக இருந்தது. சாஸ்திரம் பேசியவர்கள் எதிர்த்தார்கள். கலை அழிந்துவிடும் என்று சிலர் வருந்தினார்கள். தாசி குலத்துப் பெண்களிலேயே ஒரு பகுதியினர் மகஜர் கொடுத்தார்கள். தங்கள் கலையும் பிழைப்பும் என்ன ஆகும் என்ற அவர்களுடைய பயத்தைக் குறை சொல்ல முடியாது. இன்னொரு பக்கம், அதே குலத்தில் வளர்ந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், இந்த வழக்கம் ஒழிய வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார்.

முத்துலட்சுமி நினைத்திருந்தால் தாயாரின் குலத்தை மறைத்துவிட்டு டாக்டராக, பெரிய வீட்டு அம்மாளாக வாழ்ந்திருக்கலாம். ஊர் பழிக்கும் இடத்துக்கே அவர் திரும்பிப் போனார். அந்தப் பழி பெண்ணைச் சேர்ந்ததல்ல என்று சபை நடுவே நின்று சொன்னார். அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். உடனே முத்துலட்சுமி சட்டசபைப் பதவியைத் துறந்தார். பொட்டுக் கட்டுவதைத் தடை செய்யும் முழுச் சட்டம் 1947-இல்தான் நிறைவேறியது. விதை போட்டவர் பதவியில் இல்லை. ஆனாலும் மரம் வளர்ந்தது.

கதவைத் தட்டிய பெண்கள்

அதே 1930-ஆம் ஆண்டு. தாசி வாழ்க்கை வேண்டாம் என்று வெளியே வந்த இளம் பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களுக்கு எந்த விடுதியிலும் இடம் கிடைக்கவில்லை. முத்துலட்சுமி அவர்களை உள்ளே அழைத்தார். அப்படிப் பிறந்ததுதான் ஔவை இல்லம். இது பின்னர் அடையாற்றில் வளர்ந்து, ஆதரவற்ற பெண் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறும் படிப்பும் கொடுத்தது.

இன்னொரு துயரமும் அவர் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது. அவருடைய தங்கை 1923-இல் புற்றுநோயால் இறந்தார். அக்காள் டாக்டர். பக்கத்தில் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்த நோய் வந்தால் போக்கிடம் இல்லாத காலம் அது.

புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்று அவர் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார். வீடு வீடாக நிதி திரட்டினார். 1952-இல் பிரதமர் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954-இல் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறக்கப்பட்டது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், பின்னர் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை இந்தியாவே அறிந்த நிலையமாக வளர்த்தார்கள். தமிழ்நாட்டின் எந்த மூலையில் புற்றுநோய் வந்தாலும் அடையாறு என்ற பெயர் மக்கள் வாயில் வருகிறதே, அது இந்த அம்மையார் போட்ட பாதை.

1956-இல் பத்மபூஷண் விருது வந்தது. 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் தேதி அவர் மறைந்தார். 82 வயது நிறைய எட்டு நாட்களே இருந்தன. அவர் பிறந்த ஜூலை 30, தமிழக அரசு மருத்துவமனைகளில் மருத்துவமனை தினமாகக் கொண்டாடப்படுகிறது.

ஆண்களுக்கு என்ன பங்கு?

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். பெண்மை என்றால் என்ன?

முத்துலட்சுமி ஆணைப்போல் நடந்து பெரியவர் ஆகவில்லை. பயந்து ஒதுங்கியும் வாழவில்லை. நோயாளியிடம் இரக்கம், அநாதைப் பிள்ளையிடம் பரிவு, ஏச்சைக் கேட்டும் பொறுமை. இவை எல்லாம் நாம் பெண்மைக்கு உரியவை என்று சொல்லும் குணங்கள்தாம். அவர் அந்தக் குணங்களை விடவில்லை. பயத்தை மட்டும் விட்டார். அவ்வளவுதான்.

இந்தக் கதையில் வரும் ஆண்களையும் பாருங்கள். மகளின் படிப்பை நிறுத்தாத தந்தை. எதிர்ப்பைத் தள்ளிவிட்டுக் கல்லூரிக் கதவைத் திறந்த மன்னர். நிபந்தனையை ஏற்றுக்கொண்ட கணவர். தாயின் கனவுக்கு உழைத்த மகன். இவர்களில் யாருக்கு ஆண்மை குறைந்தது?

திருச்சி மலைக்கோட்டையில் தாயுமானவர் என்று சுவாமிக்கே பெயர். பிரசவ வேளையில் காவிரி வெள்ளத்தால் தாய் வந்து சேர முடியவில்லை. சிவபெருமானே தாய் உருவில் வந்து அந்தப் பெண்ணுக்குப் பணிவிடை செய்தார் என்பது தலபுராணம். கடவுளுக்கே தாயாக இருப்பது பெருமை என்றால், குழந்தைக்குக் கால் கழுவி விடும் தகப்பனுக்கு அதில் என்ன வெட்கம்?

இரக்கமும் பராமரிப்பும் பெண்ணுக்கு மட்டும் என்று ஒதுக்கினால் நட்டம் இரண்டு பேருக்கும்தான். பெண் சுமை தாங்காமல் களைக்கிறாள். ஆண் பிள்ளைப் பாசத்தை முழுதாக அனுபவிக்காமலே கிழவனாகிறான்.

மீண்டும் உத்திரமேரூர்

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டத் திருத்தம் வந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் 2021 அக்டோபரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. குடத்தில் இல்லாத பெயர்கள் வாக்குச் சீட்டில் வந்தன. கல்வெட்டு இருக்கும் அதே வட்டாரத்துப் பெண்கள் ஊராட்சித் தலைவர்கள் ஆனார்கள்.

ஆனால் கோடு முழுவதும் அழிந்துவிட்டதா? சில ஊர்களில் தலைவர் பெயர் மனைவிக்கு. நாற்காலி கணவருக்கு என்று நடக்கிறதே, அது தமிழ்நாடு முழுவதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. மனைவி கையெழுத்துப் போடுகிறார். பேச்சும் முடிவும் கணவருடையவை. கல்லூரியில் தொங்கிய திரை இப்போது ஊராட்சி அலுவலகத்தில் தொங்குகிறது. அது கண்ணுக்குத் தெரியாத திரை. விலக்குவதும் அதனால் கடினம்.

அதை விலக்கும் வேலை பெண்ணுக்கு மட்டும் உரியதல்ல. மனைவியின் நாற்காலியை மனைவிக்கே விட்டுவிட்டு, அவர் கூட்டம் முடிந்து வரும் வரை வீட்டில் பிள்ளைக்குச் சோறு போடும் கணவரும் அந்தத் திரையை விலக்குகிறார்.

இனி அந்த நிதியுதவி உங்கள் வீட்டுக்கு வரும்போது, வாங்கும் பெண்ணோடு அவள் கணவரும் ஒரு நிமிடம் அந்தப் பெயரைப் படிக்கட்டும். பிறக்கப்போவது பெண்ணானாலும் சரி, ஆணானாலும் சரி. பெண்ணாய்ப் பிறந்தால் பயப்படாமல் வளர்ப்போம். ஆணாய்ப் பிறந்தால் இரக்கத்தோடு வளர்ப்போம்.

டாக்டரம்மாவுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.